அசையாத கோடு

பெருந்துறை,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய சென்னியப்பன் அவர்களுக்கு,

கவுந்தப்பாடி தேவராஜ் சவுண்ட் சர்வீஸ் தேவராஜன் எழுதுவது. உங்களிடம் ஒன்று கேட்பதற்காக இந்தக் கடிதம். அதைக் கடைசியில் கேட்கிறேன். முதலிலேயே கேட்டுவிட்டால், நான் செய்ததை மறைத்துக்கொண்டு கேட்டதாக ஆகிவிடும். இதன் நகல் கோவையில் டாக்டர் ரெஹானாவுக்கும் அவருடைய குழுவுக்கும் போகிறது. ஆகவே உங்களுக்குத் தெரிந்த விஷயங்களையும் விடாமல் எழுதியிருக்கிறேன். பொறுத்துப் படிக்கவும்.

போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். முடியாது. என் இதயம் இப்போது எப்படி அடிக்கிறதோ அப்படியேதான் இருபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் என் மனைவி சாந்தாமணியின் இதயமும் அடிக்கிறது. உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு நாடித் துடிப்பின் எண் ஏறும். கையில் கட்டியிருக்கும் பட்டை தொண்ணூறைக் காட்டினால் பேனாவை மூடிவிட்டுப் பாயில் படுத்துக்கொள்கிறேன். இந்த இரண்டு பத்தி எழுதுவதற்குள் மூன்று முறை படுத்தாயிற்று.

போன வருஷம் ஆடியில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பது நாளில் இறங்கியது. இறங்கின பிறகுதான் தொல்லை. கை கால் அசைவு, பேச்சு, ஞாபகம் எல்லாம் சரியாகவே இருந்தன. கட்டிலை விட்டு எழுந்து நின்றால் மட்டும் கண் இருட்டி விழுந்துவிடுவாள். படுத்திருக்கும்போதே நெஞ்சு சில நேரம் நூற்றைம்பதுக்கு ஓடும், சில நேரம் நாற்பதுக்குத் தேயும். தின்ற சோறு இரைப்பையில் அப்படியே கிடக்கும். எங்கள் தொழிலில் அவளுக்குப் பாதிப் பங்கு உண்டு. சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் "சாவிக்கொத்தைத் தவறவிட்டவர் மேடைக்கு வந்து அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்" என்று கேட்கிற குரல் அவளுடையது. அந்தக் குரல் மட்டும் கெடாமல், அதற்குக் கீழே இருந்த உடம்பு மொத்தமும் ஒழுங்கு தவறிப்போயிற்று.

கோவையில் டாக்டர் ரெஹானா படம் போட்டுக் காட்டி விளக்கினார்.

"நம்ம நரம்பு மண்டலத்துல ரெண்டு விதமான உத்தரவு போகுதும்மா. ஒண்ணு நீங்க நெனச்சுப் போடறது. கையத் தூக்கு, திரும்பு, பேசு. அது மூளையில கிளம்பித் தண்டுவடம் வழியாப் போயிரும். இன்னொண்ணு உங்களைக் கேக்காமயே போறது. இதயம், ரத்தக்குழாய், குடல், வேர்வை. அந்த ஆபீஸ் பின்கழுத்துக்கு மேல முகுளத்துல இருக்கு. அங்கிருந்து முடுக்கி விடற நரம்பு ஒரு வரிசை, அடக்கிப் பிடிக்கற நரம்பு ஒரு வரிசை. ரெண்டும் சேர்ந்து இழுத்துப் பிடிச்சாத்தான் நாம நிக்க முடியும். காய்ச்சல் போய் அந்த ஆபீசைக் கெடுத்திருக்கு. நரம்பெல்லாம் நல்லா இருக்கு. உத்தரவு போட ஆள் இல்ல."

"வேற ஆள் வெக்க முடியுங்களா?" என்று சாந்தாமணி கேட்டாள்.

"முடியும். இன்னொருத்தர் உடம்புல இருந்து இரவல் வாங்கலாம். அவரு கழுத்து நரம்புல ஒரு கருவி, உங்க கழுத்துல ஒண்ணு. அவரு இதயமும் வயிறும் போற போக்குல உங்களோடதும் போகும்."

"ஏங்க, மெசினே வெச்சுட்டா ஆகாதுங்களா?" இது நான்.

"மெசின் ஒரே தாளம் போடும் சார். நிக்கறப்ப, உக்கார்றப்ப வர்ற சின்னச் சின்னத் திருத்தத்தை அது பாத்துக்கும். அடிப்படைச் சுருதி உயிருள்ள உடம்புல இருந்துதான் வரணும். நாங்க அதைத் துணைன்னு சொல்றோம்."

சுருதி என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. துணை நான்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். வேறு யாராக இருக்க முடியும்?

ஏழு பேரை உட்கார வைத்துச் சோதித்தார்கள். நான், அவளுடைய தங்கை சுகுணா, அவள் அண்ணன், பிறகு துணையாக வரப் பெயர் கொடுத்தவர்களின் பதிவேட்டிலிருந்து அழைத்த நான்கு பேர். உங்களுக்கும் அதே நாற்காலிதான். பத்து நிமிஷம் தனியாக. பிறகு கதவைத் திறந்து அவளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து எதிரே நிறுத்துவார்கள். ஐந்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது. வெளியே வந்ததும் என் கையில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். "தே. தேவராஜன். பொருத்தமில்லை. கிளர்ச்சி மிகுதி."

"டாக்டர் விளக்கிச் சொல்லுவாங்க சார், உக்காருங்க" என்றாள் அங்கிருந்த நர்ஸ்.

"படிக்கத் தெரியுமுங்க எனக்கு" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். நான் செய்த முதல் தவறு அது.

பொருந்தினது நீங்கள். ரத்ததான முகாமில் துணைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த, வாய்க்காலில் மதகு பார்க்கிற லஸ்கர். எங்களுக்கு உறவில்லை, பழக்கமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், காலில் காய்ந்த சேற்றோடு கும்பிட்டுவிட்டு நின்றீர்கள். அன்று நானும் மனதாரக் கும்பிட்டேன். அது உண்மை. ஆவணிக் கடைசியில் கருவியை ஓடவிட்டார்கள். சாந்தாமணி எழுந்து, சுவரைப் பிடிக்காமல் எங்கள் வாசல்வரை நடந்து போனாள். அன்று ஒரு நாள் முழுக்க எனக்குச் சந்தோஷம்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "கெளம்பிட்டாரு."

"யாரு?"

"அவருதானுங்க. கரையில நடக்கறாரு. இங்க தொட்டுப் பாருங்க." என் விரலைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள். என் மனைவியின் தோலுக்கு அடியில் நீங்கள் நடந்துகொண்டிருந்தீர்கள், சென்னியப்பன். என் விரலுக்குத் தெரிந்தது.

ஏழு மணிக்கு, "இப்ப மதகு திருகுறாரு." பன்னிரண்டரைக்கு, "எனக்குப் பசிக்குதுங்க. அவரு சோத்துப் போசியத் தொறந்துட்டாராட்ட இருக்குது." எனக்கு ஆர்டர் வேலை முடிந்து வீட்டுக்கு வர இரண்டு மணி ஆகும். பத்தொன்பது வருஷமாக இரண்டு மணிவரை சாப்பிடாமல் இருந்து என்னோடு சாப்பிட்டவள், பன்னிரண்டரைக்கு உங்களோடு சாப்பிட ஆரம்பித்தாள். எனக்கு மூடி வைத்திருப்பாள். எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். அவள் கை மட்டும் கழுவிக் காய்ந்திருக்கும்.

சாயங்காலம் ஐந்து மணி எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. நீங்கள் வாய்க்காலில் நீந்துகிற நேரம். அவள் கை செய்துகொண்டிருக்கும் வேலை தானாக நிற்கும். கண் பாதி மூடும். முகத்தில் ஓர் அமைதி வரும். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆர்டர் நோட்டின் பின்பக்கத்தில் நேரம் குறிக்க ஆரம்பித்தேன்.

"என்னத்த எழுதறீங்க?" என்றாள்.

"ஆர்டரு."

"அஞ்சு பத்துக்கு எறங்குனாரு, அஞ்சு நாப்பதுக்கு ஏறுனாரு. இது எந்தக் கோயல் ஆர்டருங்க?" சிரித்தாள். "அவரு என்ன எனக்கு மாமனா மச்சானா? கெணத்து மோட்டாரு மாதிரி. ஓடுது, தண்ணி வருது. அவ்வளவுதான்."

"மோட்டார் ஓடறதுக்கு யாராச்சும் கண்ண மூடிக்கிட்டுச் சிரிப்பாங்களா?"

துணியை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பதில் சொல்லாமல் போனது எனக்கு ஒரு மாதம் தீனி ஆயிற்று.

ஐப்பசியில் ஒரு நாள் பகல் பன்னிரண்டரைக்கு உங்கள் மதகுக்கு வந்தேன். நேரம் பார்த்துத்தான் வந்தேன். புங்கமரத்தடியில் சோற்றில் கை வைத்திருந்தீர்கள். நடந்தது உங்களுக்குத் தெரியும். குழுவினர் படிப்பதற்காக எழுதுகிறேன்.

"வாங்கண்ணா, ஒரு வாய் சாப்புடலாம்" என்றீர்கள்.

"சாயங்காலம் யாரை நெனச்சுக்கிட்டு நீ தண்ணிக்குள்ள எறங்கற?" என்றேன்.

"என்னுங்க பேச்சு இது?"

"எம் பொண்டாட்டி ஒடம்புல ஓடறது உன்ற நெஞ்சு. கேக்கறதுக்கு எனக்குப் பாத்தியதை இருக்குது."

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். போசி கவிழ்ந்தது. "மரியாதையாப் பேசுங்க. நானா தேடி வந்து ஒட்டிக்கிட்டேன்? கூப்புட்டது நீங்க. வேண்டாம்னா கழட்டிக்கங்க. வாய்க்கு வந்ததப் பேசுனீங்கன்னா..."

உங்கள் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். பார்த்து உள்ளுக்குள் திருப்திப்பட்டேன். அடுத்த நொடி என் போன் அடித்தது. சுகுணா. "மாமா, அக்கா விழுந்துட்டா. நெஞ்சு பிச்சுக்கிட்டு அடிக்குதுங்கறா. ஒதடெல்லாம் வெளுத்துப் போச்சு மாமா."

அது உங்கள் காதிலும் விழுந்தது. மதகுக் கல்லில் உட்கார்ந்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்: "அண்ணா, கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருங்க. உங்களைப் பாத்தா எனக்குக் கோவம் வருது. எனக்குக் கோவம் வந்தா அக்காவுக்கு ஆகாது."

மரத்துக்குப் பின்னால் போய்க் குத்த வைத்தேன். பன்னிரண்டு நிமிஷம். மறுபடி சுகுணா கூப்பிட்டு, எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று சொன்னாள். நீங்கள் கண்ணைத் திறந்து, மண்ணில் கிடந்த சோற்றைப் பார்த்து, "போச்சாதுங்க, பரவால்ல. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றீர்கள்.

திரும்பி நடக்கும்போது இரண்டு விஷயம் மனதில் ஓடியது. என் மனைவியைக் கொல்லப் பார்த்தேன் என்பது ஒன்று. அவளுக்காக நீங்கள் உங்கள் நெஞ்சைத் தடவி அடக்கினீர்கள் என்பது இன்னொன்று. இரண்டில் எது அதிகம் சுட்டது என்று கேட்டால் வெட்கத்தோடு சொல்கிறேன், இரண்டாவதுதான்.

அதற்குப் பிறகு உங்கள் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை ஆயிற்று. உங்கள் ஊர்ப் பொங்கலுக்கு மைக் செட் போட்டுக் கொடுத்தேன். உங்கள் ஓட்டில் ஒழுகுகிறது என்று தெரிந்து ஆள் அனுப்பினேன். உங்கள் மேலாளர் உங்களை ஏசினார் என்றதும் நானே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவரைத் திட்டாதீங்க என்று கெஞ்சினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒருவன் நன்றாகத் தூங்கினானா, வயிறாரச் சாப்பிட்டானா என்று விசாரித்து விசாரித்து, அவன்மேலேயே பற்றி எரிந்துகொண்டிருந்த ஆள் இந்தத் தாலுகாவில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

தை மாதம் ஒரு கச்சேரியில், மேடைக்குப் பின்னால் பாட்டுக்காரர் ஒருவர் மாத்திரை விழுங்குவதைப் பார்த்தேன். "மேடை நடுக்கத்துக்குண்ணா. இதப் போட்டா நெஞ்சு அடிக்கறதே தெரியாது" என்றார். ஓர் அட்டை வாங்கிக்கொண்டேன். டாக்டரிடம் போய், ஆறு மாதமாக யோகா செய்கிறேன், மறுபடி சோதித்துப் பாருங்கள் என்றேன். சோதனை நாளன்று இரண்டு மாத்திரை. கதவு திறந்து சாந்தாமணி நீலச் சேலையில் நடந்து வந்தாள். என் நெஞ்சு கல் மாதிரி கிடந்தது. டாக்டர் காகிதத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"ஆறு மாசத்துல இவ்வளவு மாற்றமா?"

"யோகாங்க."

காரில் அவிநாசி தாண்டும்வரை சாந்தாமணி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அவரு என்னங்க தப்புப் பண்ணுனாரு?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணல. புருசன் நானிருக்க அடுத்தவரு எதுக்கு?"

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உங்களிடம் சொல்ல வந்தபோது சண்டைக்குத் தயாராக வந்தேன். நீங்கள் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தீர்கள். "சரிங்கண்ணா. நல்லதுங்க" என்றீர்கள். எண் காட்டும் கைப்பட்டையைக் கழற்றித் துண்டில் துடைத்து என்னிடம் கொடுத்தீர்கள். அவ்வளவுதான்.

மாசிக் கடைசியில் மாற்றினார்கள். முதல் நான்கு நாள் மாத்திரை போட்டேன். அவள் மூன்று படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். "உள்ளுக்குள்ள வெளக்க அமத்துனாப்பல இருக்குதுங்க" என்றாள். எனக்கு வந்து சேராத முடுக்கம் அவளுக்கு எப்படிப் போகும்? பயந்து மாத்திரையை நிறுத்தினேன். ஆறாம் நாள் காலை, முன்னறையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் காபி கொண்டுவந்தாள். தலை குளித்து ஈரத்தோடு இருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். என் நெஞ்சு லேசாகத் துள்ளியது. அவளுடையதும் துள்ளியது. என்னவோ என்று அவள் மார்பில் கை வைத்தாள். அதைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. அந்தத் திக்கும் அவளுக்குப் போயிற்று. அவள் முகம் மாறியது, என் நெஞ்சு ஓடியது, அவள் நெஞ்சும் கூடவே ஓடியது. தொண்ணூற்றாறு, நூற்றுப் பதினெட்டு, நூற்று நாற்பத்தொன்று. டம்ளர் கீழே விழுந்தது. அவள் சுவரோரம் சரிந்தாள். தூக்கப் போனேன், இன்னும் ஏறியது. வேறு வழி தெரியாமல் அவளை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். பால் சொசைட்டி முக்கில் நின்று, அங்கே ஒட்டியிருந்த சுவரொட்டியை எழுத்தெழுத்தாகப் படித்தேன். அப்புறம்தான் எண் இறங்கியது.

இருபத்தெட்டு வருஷமாக மைக் செட் போடுகிறவன் நான். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டு போகாதே என்று எத்தனை பையன்களை, எத்தனை பேச்சாளர்களைத் திட்டியிருக்கிறேன். ஸ்பீக்கரில் வருவதை மைக் எடுக்கும், மைக் எடுத்ததை ஸ்பீக்கர் இன்னும் பெரிதாகக் கொடுக்கும், சுற்றிச் சுற்றி ஏறிக் கடைசியில் கூவென்று அலறும். மைதானமே காதைப் பொத்திக்கொள்ளும். தொழில் பழக வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். அதையே நான் என் மனைவியின் நெஞ்சில் செய்து வைத்தேன்.

அன்று மத்தியானம் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நான் இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து பேசினோம்.

"ஏனுங்க, இப்ப அவரை நெனச்சீங்கல்ல?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க. என்ற வயிறு சுருட்டிப் புடிக்குது." அவள் கதவில் சாய்கிற சத்தம் கேட்டது. "இப்படியாங்க இத்தன நாளும் எரிஞ்சுக்கிட்டு இருந்தீங்க? இந்தக் கொள்ளிய வயித்துல வெச்சுக்கிட்டு ஒரு வாய் சோறு எப்படீங்க எறங்குச்சு?"

நான் கதவிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

"நீங்க பாவமுங்க" என்றாள். பிறகு, "ஆனா எனக்கு இது ஆகாதுங்க. என்னால தாங்க முடியல. நான் செத்துப் போயிருவேன்" என்றாள்.

மறுநாள் தனியாகக் கோவைக்குப் போய் டாக்டரிடம் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. அலமாரியிலிருந்து பழைய கோப்பை எடுத்து முதல் சோதனைக் காகிதத்தை விரித்தார்.

"அன்னிக்கு விளக்கம் கேக்காமப் போயிட்டீங்க. இப்பக் கேளுங்க. தனியா இருந்த பத்து நிமிஷம் உங்க கோடு சென்னியப்பனோடதைவிட அழகா இருக்கு. அறுபத்தெட்டு. அசையவே இல்ல. இது கதவு தொறந்த நேரம்."

அந்த இடத்தில் கோடு நெட்டுக்குத்தாக ஏறியிருந்தது. நூற்றுப் பதினாறு.

"கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"பத்தொன்பதுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கிளர்ச்சி மிகுதின்னு போட்டோம். படிவத்துல அதுக்கு வேற வார்த்தை இல்ல சார். புருஷன், பொண்டாட்டி, பெத்தவங்க யாரும் பெரும்பாலும் தேற மாட்டாங்க. நீங்க சொன்ன மைக் மாதிரி, கிட்ட இருந்தாலும் கூவும், தூரத்துல இருந்தாலும் கூவும். அவங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு ஒரு போன் வந்தாப் போதும், கேக்கறவருக்கு அடிச்சுக்கும், அங்க இன்னும் மோசமாகும். இது சென்னியப்பனோடது. கதவு தொறந்த இடத்தைக் கண்டுபிடிங்க பாக்கலாம்."

என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே நேர்கோடு.

"ஏழு பேர்ல அவருக்கு ஒருத்தருக்குத்தான் அவங்க உள்ள வந்ததே தெரியல. ரோட்டுல போற பஸ்ஸைப் பாக்கற மாதிரி பாத்திருக்காரு. அதுக்காகத்தான் அவரை எடுத்தோம்."

"மதகுல, அவ விழுந்துட்டான்னதும் ஒக்காந்து மூச்ச அடக்குனாருங்களே?"

"பாசம் இருக்கறவரால அடக்க முடியுமா? நேத்து உங்களால முடிஞ்சுதா?"

அன்றே பெருந்துறையில் மச்சினன் வீட்டு மாடிக்கு வந்துவிட்டேன். டாக்டர் உத்தரவுப்படி போனை அணைத்து வைத்திருக்கிறேன். தினமும் காலையில் மச்சினன் வந்து "நல்லா இருக்கா" என்று இரண்டு வார்த்தை சொல்வான். உண்மையோ பொய்யோ, அவன் முகத்தை நான் பார்ப்பதில்லை.

முதல் இரண்டு நாள், மறைக்காமல் சொல்கிறேன், எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவள் உங்களுக்கு ஒன்றுமே இல்லை. காகிதத்தில் இருக்கிறது, நானே பார்த்தேன். என் நெஞ்சிலிருந்து அவளுக்குப் போன அந்தச் சந்தோஷத்தில் அவளும் நன்றாகச் சாப்பிட்டாளாம். மூன்றாம் நாள் அந்தச் சந்தேகம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. அந்தக் காகிதம் ஆவணி மாதத்துக் காகிதம். அவளை நீங்கள் அறியாத நாளில் எடுத்தது. அதன் பிறகு ஆறு மாதம் அவளைச் சுமந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இடுப்பில் அடிபட்ட அன்று, வலியில் அவள் நெஞ்சு ஓடக்கூடாதென்று நீங்கள் வேலைக்குப் போகாமல் படுத்திருந்ததாகக் கேள்வி. கோபம் வந்தால் அவளுக்காக அடக்கினீர்கள். ஒரு செடிக்கு ஆறு மாதம் தண்ணீர் விட்டாலே மனம் அதன்மேல் போய்விடுகிறது. அப்படியிருக்க, நான் வந்து கேட்டதும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஏன் கழற்றிக் கொடுத்தீர்கள்? அந்தச் "சரிங்கண்ணா, நல்லதுங்க" என்பதை ஆயிரம் தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். தொல்லை விட்டது என்கிற குரலா, அல்லது இதற்குமேல் வைத்திருந்தால் ஆபத்து என்று பயந்த குரலா? குரல்களோடு பிழைப்பவன் நான். எனக்கே பிடிபடவில்லை.

இனி, கேட்க வேண்டியது.

பதிவேட்டில் வேறு ஆள் இல்லை. புதிதாக ஒருவரைத் தேடிப் பொருத்த எட்டு மாதம் ஆகும் என்கிறார்கள். அதுவரை என் நெஞ்சை வைத்துக்கொண்டு அவள் தாங்குவாளா என்பதற்கு டாக்டர் உறுதி தரவில்லை. ஆகவே நீங்களே மறுபடி அவளுக்குத் துணையாக வரவேண்டும். வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். அதே நாற்காலி, அதே பத்து நிமிஷம். பிறகு கதவு திறக்கும். சாந்தாமணி வருவாள். உங்கள் கோடு அசையக்கூடாது.

அசைந்தால் இத்தனை நாள் நான் சந்தேகப்பட்டது சரி என்றாகும், அவளுக்குத் துணை இல்லாமல் போகும். அசையாவிட்டால் ஒரு நல்ல மனுஷன்மேல் சேறு வாரிப் பூசிய அற்பன் நான் என்றாகும், அவள் பிழைப்பாள். நான் அற்பனாகவே இருக்கவேண்டும் என்று இங்கே ஈஸ்வரன் கோயிலில் தினமும் வேண்டிக்கொள்கிறேன். பிறகு மாடிக்கு வந்து, அவள் எந்தச் சேலையில் வருவாளோ என்று நினைத்துக்கொண்டு பாயில் படுக்கிறேன்.

இந்தக் கடைசிப் பத்தியை டாக்டருக்கு அனுப்பும் நகலில் எழுதவில்லை. இது உங்களுக்கு மட்டும். கோடு அசையும் என்று உங்களுக்கே தெரிந்திருந்தால், கோவைக்கு வரவேண்டாம். யாரிடமும் காரணம் சொல்லவும் வேண்டாம். எனக்கு மட்டும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். சண்டைக்கு வரமாட்டேன், சத்தியம். புது ஆள் கிடைக்கும்வரை அந்த எட்டு மாதமும் நான் இந்த மாடியிலேயே இருந்துகொள்கிறேன். நீங்கள் உங்கள் வாய்க்கால் கரையிலேயே இருந்துகொள்ளுங்கள். அவள் உயிரோடு இருக்கவேண்டும் என்பதற்காக அவள் கண்ணில் படாமல் இருக்கிற ஆட்கள் அப்போது இரண்டு பேராக இருப்போம்.

இப்படிக்கு,
தே. தேவராஜன்.